பாயின்ட் இடைவெளி நிற்காத பழைய பெட்ரோல் லாரி

ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஐடிலிங்கில் மிஸ் அடிக்கும், ஏற்றத்தில் இழுக்காது. பிளக் மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், புது கண்டென்சரும் போட்டேன். அப்படியே இருந்தது.

பிளக்குகளுக்கு மின்சாரத்தை முறைப்படி பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட் எனும் தொடுமுனைகளின் இடைவெளியை 0.4 மி.மீ. வைத்து மூடினால், மறுநாளே மாறியிருக்கும். தீப்பொறியோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை அடித்தால் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் துள்ளியது. இன்ஜின் முன்பக்க டைமிங் செயின் தேய்மானம் என்றார் மெக்கானிக். முன்பக்கத்தைப் பிரித்தால் பெரிய செலவு, அதனால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை, அதாவது மூடியைத் திறந்து பார்த்தேன்.

விஷயம் அங்கேதான் இருந்தது. கேப்பின் உள்ளே ஒரு பக்கத்து முனைகளில் மட்டும் ரோட்டார் (சுழலும் கை) உரசிய கீறல், எதிர்ப்பக்கம் சுத்தம். ரோட்டாரைச் சுழற்றும் ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் தள்ளினால் ‘டக்’கென்று ஆடியது. பாயின்டைத் திறக்கும் ஆறு கேம் மேடுகளிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தால், ஆறும் ஒன்றுபோல் இல்லை. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது.

ரோட்டார் நிற்கும் திசையைக் குறித்துவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, லேத் பட்டறையில் வெண்கல புஷ் போட்டு ரீமர் அடித்துத் துளையை அளவுக்குக் கொண்டுவந்தோம். நுண்துளை உள்ள புஷ் என்பதால் முந்தைய இரவே எண்ணெயில் ஊறப்போட்டிருந்தேன். மாட்டியதும் குறி அசையாமல் நின்றது. அப்பாடா!

டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள எண்ணெய்க் கிண்ணம் தூசியில் அடைத்துக் கிடந்தது. இப்போது ஒவ்வொரு சர்வீஸிலும் அதில் சில சொட்டு இன்ஜின் ஆயில், கேமுக்குத் துளி கிரீஸ். கூடினால் பாயின்டில் பட்டுக் கருகும்.