ரோபாட்டிக்ஸ் அணிக்கு மென்டாராகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பள்ளி அணியில் சில வருடம் ரோபோ செய்தவர்கள், படிப்பு முடிந்ததும் அதே அணிக்கு மென்டாராகத் திரும்புவது வழக்கம். நல்ல விஷயம்தான். வயது நெருக்கம் என்பதால் பிள்ளைகள் கூச்சமில்லாமல் சந்தேகம் கேட்பார்கள். ஆனால் போன சீசன் மாணவர், இந்த சீசன் வழிகாட்டி என்ற மாற்றம் பெயர்ப்பட்டியலில் சட்டென்று நடந்துவிடுகிறது. கைக்குப் பழக நாளாகிறது. பெரும்பாலான தவறுகள் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன.

முதலில், தகுதியை மனக்கணக்காகப் போடுவது. "எனக்கு இன்னும் பதினெட்டு முடியலையே, நான் மாணவன்தான்" என்பது எல்லாப் போட்டிக்கும் செல்லாது. ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு நடத்தும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷன் வயதைப் பார்ப்பதில்லை. சீசன் தொடங்கும் ஜனவரிக்கு முந்தைய செப்டம்பர் 1 அன்று நீங்கள் பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறீர்களா என்றுதான் பார்க்கிறது. ஆகவே நவம்பரில் பள்ளி முடிப்பவர் அடுத்த ஜனவரியில் இன்னும் மாணவரே. ஜூனில் முடித்தவர் அதே வயதாக இருந்தாலும் மாணவர் இல்லை. உலக ரோபோ ஒலிம்பியாடின் ரோபோமிஷன் பிரிவில் கணக்கு வேறு. போட்டி நடக்கும் ஆண்டில் உங்களுக்கு எத்தனை வயது நிறைகிறது என்பதே முக்கியம். சீனியர் பிரிவு 14 முதல் 19 வரை. கோச்சுக்குக் குறைந்தது 18. அதாவது பதினெட்டு வயதுக்காரர் இரண்டு பக்கமும் பொருந்துவார். எந்தப் பக்கம் என்பதைப் பதிவு செய்யும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வெக்ஸ் என்ற இன்னொரு ரோபோப் போட்டித் தொடரில் பள்ளிப் பிரிவுக்குப் பிறந்த தேதியும் பார்க்கப்படும். கல்லூரி மாணவர்களுக்கு வெக்ஸ் யூ என்று தனிப் பிரிவே இருக்கிறது.

அடுத்தது, என் பார்வையில் மிகப் பெரிய தவறு: திருப்புளியைப் பிடுங்கிக்கொள்வது. அடுத்த மேட்சுக்குப் பத்து நிமிடம்தான் இருக்கிறது, ரோபோவின் கை கழன்று தொங்குகிறது, ஒன்பதாம் வகுப்புப் பையன் நட்டைத் தேடிக்கொண்டிருக்கிறான். உங்களுக்கோ இரண்டே நிமிட வேலை. வெக்ஸில் அந்த இரண்டு நிமிடம் விதிமீறல். கை ஏன் கழன்றது என்று மாணவரோடு சேர்ந்து ஆராயலாம். நீங்களே மாட்டிக் கொடுக்கக் கூடாது. ஒரு லாஜிக் புரியவில்லை என்றால் ஃப்ளோசார்ட் போட்டு விளக்கலாம். காப்பி அடித்து ஒட்டுவதற்குத் தயாராகக் கோட் எழுதித் தரக் கூடாது. பார்வையாளர் பக்கம் நின்று கைதட்டலாம், "இடது, இடது, இப்போ தூக்கு!" என்று கத்தக் கூடாது. ரோபோவை ஓட்டும் டிரைவர் நிற்கும் இடத்தில் பெரியவர்களுக்கு அனுமதியே கிடையாது.

முன்பு சொன்ன ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்பெடிஷனிலோ மென்டார்கள் மாணவர்களோடு சேர்ந்து ரோபோ கட்டுவதற்குத் தடையில்லை. களத்தில் டிரைவ் கோச்சாக, அதாவது டிரைவர்களுக்கு வழி சொல்பவராக, ஒரு பெரியவர் நிற்கலாம், கன்ட்ரோலைத் தொடாத வரை. அங்கே பழகியவர் வெக்ஸ் அணிக்கு உதவப் போனால், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமலேயே அணிக்குச் சிக்கலைக் கொண்டுவருவார். ஆக, "எங்க டீம்ல இப்படித்தான் செய்வோம்" என்பது ஒரு போட்டியின் பழக்கம், பொது நியாயம் இல்லை. (விதி இடம் கொடுத்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதே மேல் என்பது என் கட்சி. நட்டைத் தேடிய பையன்தான் அடுத்த வருடம் நட்டை டப்பாவில் பிரித்து வைப்பான்.)

இன்னும் பள்ளியில் படித்துக்கொண்டே இளைய அணிக்கு உதவுபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். ஃபர்ஸ்ட் இதை ஊக்குவிக்கிறது; பெரிய வகுப்பு அணிகள், ஃபர்ஸ்டின் சிறுவர் போட்டியான லெகோ லீக் அணிகளைக் கைதூக்கி விடுவது சகஜம். ஆனால் அந்த அணிக்குப் பொறுப்பான இரண்டு கோச்சுகள் பெரியவர்களாக, பின்னணிச் சரிபார்ப்பு கேட்கப்படும் நாடுகளில் அது முடிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் உங்கள் பெயரை எழுத முடியாது. பதினெட்டு ஆனபிறகு அந்தச் சரிபார்ப்பு உங்களுக்கும் வரலாம். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அப்புறம், சிறுவர்களிடம் தனித்தனியாக மெசேஜ் அனுப்புவது, ஒருவரை மட்டும் ஷெட்டில் வைத்து வேலை வாங்குவது எல்லாம் இனி உங்களுக்குச் சரிப்படாது. போன வருடம் நண்பர்களாக இருந்திருக்கலாம். இப்போது பொறுப்பு உங்கள் பக்கம்.

நீங்கள் போட்டியிடும் அதே பிரிவில் இன்னொரு அணிக்கும் உதவுவதாக இருந்தால் நிதானம் தேவை. வெக்ஸில் ஒரு மாணவர் ஓர் அணியில்தான் இருக்க முடியும். உங்கள் கோட் அப்படியே இன்னொரு ரோபோவில் ஓடினால், இது யார் வேலை என்று ஜட்ஜ் கேட்பார்.

ஜட்ஜ் கேட்கும்போது குறுக்கே பேசுவதும் அதிகம் நடக்கிறது. கேள்வி சென்சாரைப் பற்றியது, பிள்ளை திணறுகிறாள், பதில் உங்கள் நாக்கு நுனியில். பேசாமல் இருங்கள். அங்கே மாணவருக்கு என்ன தெரியும் என்பதுதான் மதிப்பெண்.

கடைசியாக, போன வருட விதிப்புத்தகத்தை நம்பிப் போவது. ஒவ்வொரு சீசனும் புதுப் புத்தகம் வரும், நடுவிலும் திருத்தங்கள் வரும். சந்தேகம் என்றால் போட்டி நடத்துபவர்களின் அதிகாரப்பூர்வக் கேள்வி-பதில் பகுதியில் எழுதிக் கேளுங்கள். வெக்ஸிலும் ஃபர்ஸ்டிலும் அது உண்டு. சீனியர் சொன்னார் என்று ரோபோ விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை மேசையில் வாதாட முடியாது. எழுத்தில் வந்த பதிலைக் காட்டலாம்.