மருந்துக் குளிசைகளும் நம் சமையலறையும்: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஓஹிப் என்ற மாகாண மருத்துவக் காப்புறுதி அட்டை, சமூகக் காப்புறுதி இலக்கம், வாடகை வீடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று அலைந்து முடிவதற்குள், ஊரிலிருந்து கொண்டுவந்த குளிசைகள் தீர்ந்துவிடும். குடும்ப மருத்துவர் ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் எழுதித் தந்த மருந்தை வாங்கப் போனால், மருந்தகத்தில் உள்ள மருந்தாளர் ஒரு கேள்வி கேட்பார்: "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா?" நம்மவர்களில் அநேகர் "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். விடியற்காலையில் குடிக்கும் வெந்தயத் தண்ணீரையும், சூட்கேசில் வந்த சூரணத்தையும், அக்கா அனுப்பிய மஞ்சள் கூட்டுக்குளிசையையும் (கப்சூல்) யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தப் பதிலை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அம்மாவுக்கு இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற பரிசோதனையால் அடிக்கடி பார்ப்பார்கள். அம்மாவுக்கு அது 2.5க்கும் 3.5க்கும் இடையில் நிற்கவேண்டும். பனிக்காலம் முழுவதும் ஒழுங்காக இருந்தது, ஒரு ஜூன் மாதத்தில் 1.6க்கு இறங்கியது. குளிசையை மறந்துவிட்டாரோ என்று மருத்துவர் சந்தேகப்பட்டார். அம்மா போத்தலை மேசையில் கவிழ்த்து, மீதிக் குளிசைகளை எங்கள் முன்னால் எண்ணிக் காட்டினார், ஒன்றுகூடத் தவறவில்லை. பிறகு மருந்தாளர்தான், சமையலில் என்ன மாறியது என்று விசாரித்தார். ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளுக்கு முருங்கையிலையும் வல்லாரையும் பொன்னாங்காணியும் பச்சையாக வந்து குவிந்த நேரம் அது. அம்மா நாள்தோறும் இலைக்கஞ்சியும் கீரை வறையும் செய்துகொண்டிருந்தார். ஈரல் இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை உருவாக்குவதற்கு வைட்டமின் கே தேவை. வார்ஃபரின் அந்த வேலையைத் தடுக்கிறது. கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதால், திடீரென்று கீரை கூடினால் மருந்தின் பிடி தளர்ந்துவிடுகிறது. பயந்துபோன அம்மா அடுத்த வாரம் கீரையை அடியோடு நிறுத்தினார், ஐ.என்.ஆர். மறுபக்கமாக ஏறி, பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிந்தது. வார்ஃபரின் எடுப்பவர் கீரையைக் கைவிடவேண்டியதில்லை. ஒவ்வொரு வாரமும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணவேண்டும், அவ்வளவுதான். அந்த அளவுக்கு ஏற்ப மருந்தின் அளவை மருத்துவர் அமைத்துக்கொள்வார். அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் ரிவராக்ஸபானின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டுடனேயே எடுக்கவேண்டும், வெறும்வயிற்றில் எடுத்தால் அவை முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை.

இங்கே வந்த பிறகு பலர் முதன்முறையாகக் காணும் பழம் கிரேப்ஃப்ரூட். தோடம்பழம்போல இருந்தாலும் சற்றுக் கசக்கும். இதன் குணம் வெளிப்பட்டதும் இதே மாகாணத்தின் லண்டன் நகரில்தான். டேவிட் பெய்லி என்ற ஆய்வாளரின் குழு, ஃபெலோடிபின் என்ற இரத்த அழுத்த மருந்தோடு மதுவைச் சேர்த்துச் சோதித்தபோது, மதுவின் சுவையை மறைப்பதற்காகக் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்துகொடுத்தது. மருந்தின் அளவு இரத்தத்தில் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு உயர்ந்து நின்றது. காரணம் சாறுதான் என்பதை அவர்கள் 1991இல் வெளியிட்டார்கள். நம் குடற்சுவரில் உள்ள ஒரு நொதி சில மருந்துகளின் ஒரு பகுதியை உள்ளே போகுமுன்னரே சிதைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது, உடல் புதிய நொதியை உருவாக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே காலையில் பழம், இரவில் குளிசை என்று நேரம் பிரிப்பதால் பயனில்லை. கொலஸ்ட்ரோலுக்கான சிம்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியபின் டாக்ரோலிமஸ் எடுப்பவர்கள் ஆகியோர் இப்பழத்தை முற்றாகத் தவிர்க்கவேண்டும். அடோர்வாஸ்டாட்டின் எடுப்பவர்கள் அதிகம் உண்ணக்கூடாது. ரொசுவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சீனப் புத்தாண்டுக் காலத்தில் கடைகளில் குவியும் பம்பளிமாஸ் பழத்துக்கும் இதே குணம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. சாதாரண தோடம்பழத்தைத் தாராளமாக உண்ணலாம்.

தைரொயிட் குளிசையில் நம்முடைய பிழை தேநீர்க் கோப்பையில் தொடங்குகிறது. எழுந்தவுடன் பால்தேநீரோடு லெவோதைரொக்சினை விழுங்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதை வெறும் தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பு எடுக்கவேண்டும். தேநீரும் கோப்பியும் அதன் பிறகுதான். இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகள் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளியிருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பலசத்துக் குளிசையில் இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால், தைரொயிட் குறைபாடுள்ள தாய்மார் இந்த இடைவெளியைக் கவனமாகப் பேணவேண்டும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் தேநீர் ஆகாது. தேசிக்காய்ச் சாறு உதவும். சிப்ரோஃப்ளோக்சசின், டொக்சிசைக்கிளின் போன்ற நுண்ணுயிர்க் கொல்லிகளைப் பாலோடோ தயிரோடோ எடுத்தால், கல்சியம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். நோய் தீராமல் நீடிக்கும்.

நீரிழிவு நம் சமூகத்தில் மிகுதி என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். முதலில் அலகு: ஊரில் சர்க்கரையை மில்லிகிராம் கணக்கில் சொல்வார்கள், கனடாவில் மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள், இங்குள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் ஊர்க்கணக்கு வரும். 4 என்றால் 72. அதற்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. பாகற்காய்க் கறியால் பொதுவாக ஆபத்து வராது. ஆனால் கிளிக்லசைட் அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டே பாகற்காய்ச் சாற்றையும் வெந்தயக் கூட்டுக்குளிசையையும் சேர்த்தால், சர்க்கரை தேவைக்கு மேல் இறங்கக்கூடும். வியர்வையும் நடுக்கமும் அதன் அறிகுறிகள். கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன்னும் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் உணவைக் குறைத்து மருந்தைக் குறைக்காமல் விடுவதும் அதே இடத்துக்குக் கொண்டுபோகும். மெட்ஃபோர்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவினருக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். கால் விறைப்பதை "சர்க்கரையால்தான்" என்று முடிவுகட்டிவிடாமல், பி12 அளவையும் பார்க்கும்படி கேளுங்கள்.

இரத்த அழுத்தத்துக்கு ரமிப்ரில், பெரிண்டோப்ரில், லொசார்டன், ஸ்பைரோனோலக்டோன் போன்றவற்றை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் உடலில் தங்கும். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று, சோடியம் இல்லாத உப்பை வாங்கிவந்து கறியில் போட்டால், அது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைட்டாகவே இருக்கும். இளநீரையும் நாள்தோறும் குடித்து, சிறுநீரகமும் பலவீனமாக இருந்தால், இதயத் துடிப்பே தடுமாறலாம். இருமலுக்கு மெல்லும் அதிமதுரம் நேர்மாறானது: அதை அதிகம் எடுத்தால் பொட்டாசியம் குறையும், அழுத்தம் ஏறும்.

சமையலில் போடும் மஞ்சள், இஞ்சி, உள்ளி ஆகியவற்றைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. அவற்றையே செறிவாக்கிக் கூட்டுக்குளிசையாக விற்கும்போது அளவு வேறு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. மனச்சோர்வுக்கென்று விற்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் மூலிகை, கருத்தடைக் குளிசை உட்படப் பல மருந்துகளின் வலுவைக் குறைத்துவிடும். கனடாவில் அனுமதி பெற்ற இயற்கை மருந்துப் பொருட்களின் போத்தலில் என்.பி.என். என்ற எழுத்துகளும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். ஊரிலிருந்து வரும் சூரணத்திலும் பஸ்பத்திலும் அந்த எண் இருக்காது. அவற்றுள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்ததாகக் கனடிய சுகாதாரத் திணைக்களமே எச்சரித்திருக்கிறது.

எதையும் நீங்களாகவே நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். நீண்டகால நோய்களுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்துகளை எடுப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும், ஒன்ராறியோவில் மெட்ஸ்செக் என்ற இலவச மருந்து ஆய்வு உண்டு. உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று மருந்தகத்தில் விசாரியுங்கள். 811 என்ற எண்ணில் எந்த நேரமும் தாதியோடு பேசலாம், மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். மருந்தகத்துக்குப் போகும்போது எல்லாப் போத்தல்களையும் பொட்டலங்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கூடவே ஒரு தாளில், குளிசைகளின் பெயரோடு, வாரத்தில் எத்தனை முறை கஞ்சி, எந்த நேரத்தில் தேநீர், எந்த நாளில் விரதம் என்பதையும் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் தாளில், வார்ஃபரினுக்கு நேர் கீழே அம்மாவின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "இலைக்கஞ்சி, செவ்வாயும் சனியும், ஒரு கோப்பை."