கையிலிருந்தே புள்ளி: நெட்ரன்னரில் ஃபாஸ்ட் அட்வான்ஸ் டெக்

நெட்ரன்னர் இருவர் ஆடும் அட்டை விளையாட்டு. நிறுவனமான கார்ப், புள்ளி தரும் அஜெண்டா அட்டைகளை முடிக்கப் பார்க்கும்; ஹேக்கரான ரன்னர் அவற்றைத் திருடப் பார்ப்பார். முதலில் 7 புள்ளி சேர்ப்பவருக்கு வெற்றி. இதில் புதிதாக கார்ப் ஆடுபவர்கள் பெரும்பாலும் தோற்பது ஒரே மாதிரிதான். அஜெண்டாவை மேஜையில் வைத்து, முடிக்கத் தேவையான டோக்கன்களில் இரண்டு மட்டும் போட்டுவிட்டு, மிச்சத்தை அடுத்த டர்னில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். நடுவில் ரன்னருக்கு நான்கு கிளிக் (ஒரு டர்னில் செய்யக்கூடிய செயல்கள்) இருக்கிறது. வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஃபாஸ்ட் அட்வான்ஸ் டெக்கில் அந்த நடுவே கிடையாது: கையிலிருக்கும் அஜெண்டாவை இறக்கி, அதே டர்னில் புள்ளியாக்கி முடிக்க வேண்டும்.

இங்கே தருவது 2012-ல் ஃபேன்டஸி ஃபிளைட் வெளியிட்ட ஆண்ட்ராய்டு: நெட்ரன்னர் காலத்து அட்டைகளைக் கொண்டது. 2018-ல் அந்தப் பதிப்பு நின்றுவிட்டது. நல் சிக்னல் கேம்ஸ் இப்போது புதிய அட்டைகளோடு ஆட்டத்தைத் தொடர்கிறது. அட்டைப் பெயர்கள் மாறினாலும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்.

முதலில் கணக்கு

கார்ப்புக்கு ஒரு டர்னில் 3 கிளிக். அஜெண்டாவை இறக்க 1 கிளிக். ஒவ்வொரு அட்வான்ஸுக்கும், அதாவது ஒரு டோக்கன் வைக்க, 1 கிளிக்கும் 1 கிரெடிட்டும் (ஆட்டத்தின் பணம்). ஆக, வேறு உதவியில்லாமல் ஒரே டர்னில் 2 டோக்கன்தான் போட முடியும். இரண்டு டோக்கன் கேட்டு 1 புள்ளி தரும் பிரேக்கிங் நியூஸுக்கு (2/1) இது போதும். நமக்கு வேண்டிய 3/2 அஜெண்டாக்களுக்கு ஒரு டோக்கன் குறைகிறது. அந்த ஒன்றை எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் இந்த டெக்கின் மொத்த வேலையும். வழி மூன்று:

1. பயோடிக் லேபர். விலை 4 கிரெடிட், தருவது 2 கிளிக். அதை ஆடவே ஒரு கிளிக் போய்விடுவதால் கையில் மிஞ்சுவது 4. ஒன்றில் இறக்கி, மூன்றில் அட்வான்ஸ். மொத்தச் செலவு 7 கிரெடிட்.
2. சான்சான் சிட்டி கிரிட். அது இருக்கும் சர்வரில் (கார்ப் அட்டைகளை வைக்கும் இடம்) அஜெண்டாவுக்கு ஒரு டோக்கன் குறைவாகப் போதும். ரெஸ் செய்ய (கவிழ்த்து வைத்த அட்டையைத் திருப்பி இயக்க) 6 கிரெடிட். முதல் அஜெண்டாவுக்கு 8 ஆகும், அடுத்ததற்கு வெறும் 2. இரண்டு அஜெண்டா முடித்தால் மொத்தம் 10. பயோடிக்கில் அதுவே 14.
3. ஆஸ்ட்ரோஸ்கிரிப்ட் பைலட் ப்ரோக்ராம். இது தானே ஒரு 3/2 அஜெண்டா. முடித்ததும் ஒரு கவுன்டர் கிடைக்கும், அதைச் செலவழித்தால் கிளிக் இல்லாமல் ஒரு டோக்கன். அந்த டோக்கனால் அடுத்த ஆஸ்ட்ரோ, அதிலிருந்து அதற்கடுத்தது. ஆடுபவர்கள் இதை ஆஸ்ட்ரோ ரயில் என்பார்கள். ரயில் கிளம்பிவிட்டால் ஒவ்வொரு பெட்டிக்கும் 2 கிரெடிட்தான்.

டெக் கட்டுவது

அடையாள அட்டை என்பிஎன்: மேக்கிங் நியூஸ். குறைந்தது 45 அட்டை, இன்ஃப்ளூயன்ஸ் (வேறு பிரிவு அட்டைகளைச் சேர்ப்பதற்கான வரம்பு) 15. நியர் எர்த் ஹப் கையில் இருந்தால் அதையே எடுங்கள். இன்ஃப்ளூயன்ஸ் 17, ஒவ்வொரு டர்னிலும் முதல் புதிய சர்வரைத் திறக்கும்போது ஒரு அட்டை இலவசம்.

45 முதல் 49 வரை எத்தனை அட்டை வைத்தாலும் அஜெண்டாப் புள்ளி 20 அல்லது 21 இருந்தால் போதும். அதனால் 49 வைத்து, புள்ளியை 20-ல் நிறுத்துங்கள். அஜெண்டா அடர்த்தி குறையும், ரன்னர் ஆர் அண்ட் டியில் (கார்ப் அட்டை எடுக்கும் கட்டு) கைவிட்டுத் துழாவினாலும் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு கூடும்.

அஜெண்டா 11: ஆஸ்ட்ரோஸ்கிரிப்ட் 3, ப்ராஜெக்ட் பீல் 3, என்ஏபிடி கான்ட்ராக்ட் 3, பிரேக்கிங் நியூஸ் 2. மூன்று புள்ளி அஜெண்டா ஒன்றுகூட இல்லாததைக் கவனியுங்கள். ரன்னர் 7 புள்ளி சேர்க்க குறைந்தது நான்கு திருட்டு வேண்டும். என்ஏபிடி 4/2 என்பதால் நமக்கும் மெதுவானதுதான், ஆனால் அதைத் திருட ரன்னர் 4 கிரெடிட் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆஸ்ட்ரோஸ்கிரிப்ட்டை டெக்குக்கு ஒன்று என்று பின்னாளில் திருத்திவிட்டார்கள். உங்கள் குழு அந்தத் திருத்தப்படி ஆடினால் மற்ற இரண்டுக்குப் பதில் பிரைவேட் செக்யூரிட்டி ஃபோர்ஸ் 2 போடலாம். வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும்.

மற்றவை: பயோடிக் லேபர் 3, சான்சான் 3, ஜாக்சன் ஹவர்ட் 3, ஹெட்ஜ் ஃபண்ட் 3, ஸ்வீப்ஸ் வீக் 3, மார்க்டு அக்கவுன்ட்ஸ் 3, க்ளோஸ்டு அக்கவுன்ட்ஸ் 2.

ஐஸ் (சர்வர்களைக் காக்கும் அட்டைகள்) 18: ஈலை 1.0, பாப்-அப் விண்டோ, ராப்அரவுண்ட், எனிக்மா, குவாண்டரி, டோல்பூத், ஒவ்வொன்றிலும் 3. வேறு பிரிவு அட்டைகளுக்கு ஆகும் இன்ஃப்ளூயன்ஸ்: பயோடிக் தலா 4, ஈலை தலா 1. இன்ஃப்ளூயன்ஸ் 15-ம் சரியாகத் தீர்ந்துவிடும்.

ஆடும் விதம்

தொடக்கக் கையில் பணம் தரும் அட்டை ஒன்றும் ஐஸ் இரண்டும் இல்லையென்றால் மாற்றிக்கொள்ளுங்கள். ஐஸை முதலில் ஹெச்க்யூ (கார்ப்பின் கை) முன்னும் ஆர் அண்ட் டி முன்னும் வையுங்கள். ரிமோட்டை, அதாவது அட்டை இறக்கத் தனியாகத் திறக்கும் சர்வரை, கோட்டையாகக் கட்டுவது இந்த டெக்கில் வீண் செலவு. நம் அஜெண்டாக்கள் காத்திருப்பது கையில்தான், எனவே ரன்னர் தட்டுவதும் அந்தக் கதவைத்தான். ரிமோட்டில் சான்சானுக்கு முன்னால் ஒரு ஐஸ் போதும்.

சான்சானை இறக்கியவுடன் ரெஸ் செய்யாதீர்கள். அஜெண்டா முடிக்கும் டர்னில்தான் 6 கிரெடிட்டை எடுக்க வேண்டும். அதற்குப்பின் ரன்னர் 5 கிரெடிட் கட்டி அதைக் குப்பையில் போட்டாலும் வருத்தமில்லை: 2 புள்ளி நம் பக்கம் வந்துவிட்டது, 5 கிரெடிட் அவரிடமிருந்து போய்விட்டது.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, சரியாக 7 கிரெடிட் சேர்ந்ததும் பயோடிக்கைப் போடுவது. புள்ளி வரும், கையிருப்பு பூஜ்யமாகும். ஹெச்க்யூ முன் கவிழ்ந்து கிடக்கும் டோல்பூத்தை ரெஸ் செய்ய 8 கிரெடிட் வேண்டும். ரன்னருக்கு இது தெரியும், நேரே உள்ளே வருவார். ஐஸ் ஏற்கெனவே ரெஸ் ஆகியிருந்தால் 7 போதும். இல்லையென்றால் பணம் தரும் இன்னொரு ஹெட்ஜ் ஃபண்டுக்குக் காத்திருங்கள்.

கையில் அஜெண்டா குவிந்துவிட்டால் பயப்பட வேண்டாம். ஜாக்சனை இறக்கி, ரெஸ் செய்து (செலவு 0), ஒரு கிளிக்கில் இரண்டு அட்டை எடுங்கள். டர்ன் முடிவில் கையில் ஐந்து அட்டைக்கு மேல் இருக்கும் அஜெண்டாக்களை ஆர்க்கைவ்ஸில் (கார்ப்பின் குப்பைக் குவியல்) கவிழ்த்துப் போடுங்கள். ரன்னர் ஆர்க்கைவ்ஸுக்கு ஓடத் தொடங்கியதும் ஜாக்சனை ஆட்டத்திலிருந்து நீக்கி, மூன்று அட்டை வரை ஆர் அண்ட் டிக்குள் கலக்கிவிடலாம். அவர் உள்ளே வந்து பார்க்கும்போது அஜெண்டா எதுவும் இருக்காது.

பிரேக்கிங் நியூஸில் ஒரு சின்ன விஷமம் உண்டு. முடித்ததும் ரன்னருக்கு 2 டேக் (அவரைக் கண்டுபிடித்துவிட்டதற்கான குறி) விழும், ஆனால் அந்த டர்ன் முடிவதற்குள் போய்விடும். சாதாரணமாக முடித்தால் 3 கிளிக்கும் தீர்ந்துவிடுவதால் அந்த டேக்கால் பயனில்லை. ஆஸ்ட்ரோ கவுன்டர் இருந்தால் இறக்கு, ஒரு அட்வான்ஸ், ஒரு கவுன்டர், முடிந்தது. ஒரு கிளிக் மிச்சம். அதில், டேக் விழுந்த ரன்னர்மேல் மட்டும் ஆட முடிகிற க்ளோஸ்டு அக்கவுன்ட்ஸைப் போட்டால் ரன்னரின் மொத்தக் கிரெடிட்டும் காலி.

க்ளாட் வந்தால்

இந்த டெக்கை முடக்கவே வந்த ரன்னரின் வைரஸ் அட்டை க்ளாட். அது மேஜையில் இருக்கும்வரை, இறக்கிய டர்னிலேயே அஜெண்டாவை முடிக்க முடியாது. ஏற்கெனவே மேஜையில் தெரிந்தால் 3 கிளிக் கொடுத்து வைரஸ் கவுன்டர்களைத் துடைத்துவிடுங்கள், க்ளாட்டும் குப்பைக்குப் போகும். வம்பு, செல்ஃப்-மாடிஃபையிங் கோட் (வேண்டிய ப்ரோக்ராமைத் தேடித் தரும் அட்டை) வைத்திருக்கும் ரன்னரால். 2 கிரெடிட்டில் தேடி, 2 கிரெடிட்டில் நிறுவி, நீங்கள் மூன்றாவது டோக்கன் வைக்கும் நேரத்தில் க்ளாட்டை இறக்குவார். அவரிடம் 4 கிரெடிட் இல்லாத டர்னாகப் பார்த்து முடியுங்கள். உங்கள் குழுவில் க்ளாட் அடிக்கடி வருகிறதென்றால் க்ளோஸ்டு அக்கவுன்ட்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டு சைபர்டெக்ஸ் வைரஸ் சூட் இரண்டு வையுங்கள். அதை முந்தைய டர்னிலேயே இறக்கி, ரெஸ்ஸுக்கு 1 கிரெடிட் ஒதுக்கி வைத்திருந்தால், க்ளாட் விழுந்த மறுகணமே அதைத் தியாகம் செய்து வைரஸைத் துடைத்து, அதே டர்னில் அஜெண்டாவை முடித்துவிடலாம்.