இரண்டு வாளி, ஒரு மூட்டைச் சருகு: மாடியில் உரம் செய்யலாம்

காய்கறித் தோலை உரமாக்க விலை கொடுத்துப் பெரிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. 20 லிட்டர் பழைய பெயிண்ட் வாளி இரண்டு, ஒரு மூட்டைக் காய்ந்த சருகு, ஒரு டம்ளர் புளித்த மோர் போதும். கடைகளில் விற்கும் அடுக்குத் தொட்டிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்கலாம்.

முதலில் வாளியின் அடியிலும் பக்கங்களிலும் பென்சில் நுழையும் அளவுக்குத் துளைகள் போடுங்கள். இரண்டு செங்கல் மேல் வாளியை வைத்து, கீழே ஒரு தட்டு. மழையும் நேர் வெயிலும் படாத மூலை நல்லது. அடியில் நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய் நார் பரப்பிவிட்டால் நீர் தேங்காது.

அப்புறம் தினசரிக் கழிவு. காய்கறி, பழத்தோல், வாடிய பூ, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் போகலாம். டீத்தூளில் சர்க்கரை இருந்தால் அலசிப் போடுங்கள். வாழைத்தண்டு, முருங்கைக் குச்சி போன்றவற்றைச் சிறிதாக நறுக்குங்கள். சோறு, குழம்பு, எண்ணெய், மீன், கறி வேண்டாம், எலி வரும். ஒரு கிண்ணம் கழிவு போட்டால், மேலே இரண்டு கிண்ணம் சருகு. முதல் அடுக்கில் மட்டும் மோரைத் தெளியுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் கைவிடுவது அடுத்த கட்டத்தில்தான்: ஈரம். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர். அது கசிந்து இடைவெளிகளை அடைத்துவிட்டால் காற்று நின்றுபோகும். காற்று தேவைப்படாத பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். வீட்டில் எல்லோரும் "தூக்கிப் போடு" என்பார்கள். போடாதீர்கள், சரிசெய்துவிடலாம்.

வாளியின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் ஈரம் அதிகம். பிடி உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் அதிகமென்றால் சருகை மேலே தூவினால் மட்டும் போதாது. நாற்றம் பிறப்பது அடியில். அதனால் அடிவரை கிளறி, சருகை உள்ளே கலந்து, அரை நாள் மூடியைத் திறந்து வையுங்கள். மூத்திர நெடி அடித்தால் காரணம் வேறு: பச்சைக் கழிவில் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து அம்மோனியாவாக வெளியேறுகிறது. அதற்கும் மருந்து சருகுதான், அதில் கரிமம் (கார்பன்) அதிகம். கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 30-க்கு 1 என்று இருந்தால் நுண்ணுயிரிகள் நன்றாக வேலை செய்யும்.

சருகுக்குப் பதில் தென்னை நார்த்தூள் போடலாமா என்றால், போடலாம், ஆனால் எனக்குச் சருகுதான் பிடிக்கும். நார்த்தூள் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் லிக்னின் என்ற, எளிதில் மட்காத மரப்பொருள் அதிகம் என்பதால் மட்க நெடுநாள் எடுக்கும். மாசி, பங்குனியில் வேம்பு இலை உதிர்க்கும்போதே மூட்டை கட்டி வையுங்கள். ஐப்பசி மழையில் காய்ந்த இலை தேடினால் கிடைக்காது.

வாரம் இரண்டு முறை கிளறுங்கள். நீளக் கரண்டியைவிடக் களைக்கொத்துதான் அடிவரை போகும். வாளி நிறைந்ததும் மூடி ஓரமாக வைத்து, இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் உள்ளே இருப்பது கருத்து, மண் வாசனை வரும். சலித்து, ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து தொட்டிக்குப் போடுங்கள். சல்லடையில் தங்கியது அடுத்த வாளிக்கு உறை.

பிற்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் அடிக்கடி கேட்பவை. வாளியில் நெளியும் பருத்த, பழுப்பு நிறப் புழுக்கள் பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். தீங்கில்லை, கழிவை வேகமாகத் தின்று முடிக்கும். எறும்பு வந்தால் வாளி காய்ந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைப் பூசணம் நல்லதுதான். உரம் போட்ட தொட்டியில் தக்காளி, பறங்கிக் கன்று தானாக முளைக்கிறதா? வாளி அளவுக் கழிவில் விதையைச் சாகடிக்கும் சூடு ஏறாது. அதற்குப் பெரிய குவியல் வேண்டும். வேண்டாத கன்றைப் பிடுங்கி அப்படியே வாளிக்குள் போட்டுவிடுங்கள்.