போர்டு எழுதியவன் வரையும் எல்ஃப்

தக்கலையிலும் சுற்று வட்டாரத்திலும் இருபத்தாறு வருடம் கடைகளுக்கு போர்டு எழுதினேன். ஃபிளெக்ஸ் வந்தது, தூரிகை மூலைக்குப் போனது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை வீட்டுத் திண்ணையில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டை ஆடும் ஐந்து பிள்ளைகளுக்கு, அவரவர் ஏற்றிருக்கும் பாத்திரத்தை வரைந்து கொடுக்கிறேன். கூலி ஒரு சீப்பு மட்டிப் பழம். ஐந்து பேரும் கேட்பது ஒன்றுதான்: "மாமா, அனிமே மாதிரி வேண்டும்."

அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் படம். அப்படிக் கேட்பவருக்கு எப்படி வரைவது என்று சொல்கிறேன். எல்லோரும் கண்ணில் தொடங்குகிறார்கள். தொடங்காதீர்கள், கண் கடைசியில்தான்.

முதலில் நிழலுரு. இந்த விளையாட்டின் கட்டத்தாளில் ஒரு அங்குலக் கட்டம் ஐந்து அடி நிலத்துக்குச் சமம். பாத்திரத்தை வெட்டி அதன்மேல் நிறுத்தினால் முகம் உளுந்து அளவுதான் இருக்கும். ஆகவே பழைய கல்யாணக் கார்டின் பின்பக்கத்தில் ஆளின் வெளிவடிவத்தை மட்டும் வரைந்து, உள்ளே முழுவதும் கறுப்பு மை அடியுங்கள். திண்ணையின் மறுகோடியில் வைத்து, யாருடைய பாத்திரம் என்று மற்ற பிள்ளைகளிடம் கேளுங்கள். தடுமாறினால் அந்த அட்டையைக் கிழித்துப் போடலாம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடியாத போர்டுக்கு எந்தக் கடைக்காரர் காசு கொடுப்பார்?

அந்த நிழலுருவில் பாதி வேலையைச் செய்வது தலைமுடி. அனிமே முகங்களை மொட்டையடித்து வரிசையாக நிறுத்தினால் அண்ணன் யார், தங்கை யார் என்று தெரியாது. அங்கே முடிதான் பெயர்ப்பலகை. இழை இழையாக வரையாமல், ஓலைக் கீற்றுபோல ஐந்தாறு பெரிய கற்றைகளாகப் பிரியுங்கள். முடி பறக்க வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முதலிலேயே அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். வேட்டியும் முந்தானையும் கூந்தலும் ஒரே திசையில்தான் இழுபடும். முடி கிழக்கே பறக்க மேலங்கி மேற்கே பறக்கும் படங்களைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும்.

அடுத்தது காது. எல்ஃப் என்பது கூர்மையான காது கொண்ட மாயக்கதை மனிதர். அதைக் கேட்கும் பிள்ளையிடம் எந்த ஊர் எல்ஃப் என்று கேட்டுவிடுங்கள். மேற்கத்தியப் படங்களின் பழைய எல்ஃபுக்குக் காது குட்டையாக, நுனி மட்டும் கூர்மையாக இருக்கும். 1986இல் ஜப்பானில் காம்ப்டிக் என்ற இதழில் சிலர் தாங்கள் ஆடிய ஆட்டத்தை எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் ஆடியதும் இதே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான். ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார் என்று அது வளர்ந்தது. அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணுக்கு ஓவியர் யுடாகா இசுபுச்சி பக்கவாட்டில் நீளும் காதுகளை வரைந்தார். அதன் பிறகு ஜப்பானிய எல்ஃபுகளுக்குக் காது நீண்டுவிட்டது. அமெரிக்க விளையாட்டு ஒன்று ஜப்பானுக்குப் போய், காதை நீட்டிக்கொண்டு தக்கலைத் திண்ணைக்கு வந்திருக்கிறது. நீண்ட காதில் வசதி உண்டு: வருத்தத்தில் தொங்கவிடலாம், பயத்தில் பின்னால் மடக்கலாம்.

ஆயுதத்தில் நான் ஒருமுறை அவமானப்பட்டேன். மருமகனின் பாத்திரம் ஹாஃப்லிங் என்ற குள்ள இனத்துத் திருடன், மூன்றடி உயரம். அனிமே என்றாலே ஆளைவிடப் பெரிய வாள் என்ற எண்ணத்தில் ஒன்றைத் தோளில் சாத்தி வரைந்தேன். அவனுக்கு ஒரே கொண்டாட்டம், ஆட்டத்திலும் அதையே எடுத்துக்கொண்டான். 2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தின்படி சிறிய உடல் கொண்டவர் கனரக ஆயுதத்தை வீசினால் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்த எண்ணைத்தான் எடுக்க வேண்டும். அன்று முழுவதும் அவன் காற்றையே வெட்டிக்கொண்டிருந்தான். இப்போது பாத்திரத்தாளை வாங்கிப் படிக்காமல் பென்சிலைத் தொடுவதில்லை.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திருவட்டாறு கோயில் திருவிழாவில் கதகளி பார்த்தவர்களுக்கே தெரியும்: பச்சை முகம் வந்தால் நல்லவன், சிவப்புத் தாடி வந்தால் கொடியவன். அதுபோல ஒரு பாத்திரத்துக்கு ஒரு முதன்மை நிறம், ஒரு துணை நிறம் போதும்.

இனி கண். 1963இல் ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசுகாவின் ஆஸ்ட்ரோ பாய் என்ற அனிமே தொடர் வாராவாரம் தொலைக்காட்சியில் வரத் தொடங்கியபோது பணமும் நேரமும் குறைவு, அதனால் ஒரு நொடிக்கு வரையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உடல் அசையாமல் நிற்கும்போது உணர்ச்சியைச் சுமக்கக் கண்தான் இருக்கிறது. டிஸ்னி படங்களை விரும்பிப் பார்த்த தெசுகா கண்களை ஏற்கெனவே பெரிதாகத்தான் வரைந்துகொண்டிருந்தார். தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு கண்ணுக்கும் இடையில் ஒரு கண் அகலம் விட்டு வரையுங்கள். மேல் இமைக் கோடு தடிமனாக, கீழ்க்கோடு இருந்தும் இல்லாததுபோல. வெண்புள்ளி இரு கருவிழியிலும் ஒரே பக்கம். வெகுளிக்கு வட்டக் கண், அடிபட்டு அனுபவப்பட்டவனுக்கு ஒடுங்கிய கண், கருவிழியும் சிறியது. மூக்கு ஒரு புள்ளி. அதற்குமேல் மூக்கில் மினக்கெட வேண்டாம்.

அட்டையின் பின்பக்கத்தில் அதே முகத்தை இரண்டு தலை உயரக் குட்டி உருவமாக வரைந்து, நெற்றியோரம் ஒரு பெரிய வியர்வைத் துளி போடுங்கள். இருபது முகப் பகடையில் ஆகக் கெட்ட எண்ணான 1 விழும்போதெல்லாம் மருமகன் அட்டையைத் திருப்பி அந்த முகத்தைக் காட்டுகிறான். போன ஞாயிறு ஐந்து முறை திருப்பினான். ஓரம் நைந்துவிட்டது, இந்த வாரம் புதிதாக ஒன்று வரைய வேண்டும்.