கொழும்பில இருந்து ஈமக்காடு பாக்கப் போறவைக்கு: எங்க போறது, எதைத் தொடக்கூடாது, ஆருக்குச் சொல்லுறது

சிகிரியாவுக்குப் போற சனம் முழுக்க தம்புள்ளையைத் தாண்டித்தான் போகுது, ஆனா குருநாகல் பக்கமிருந்து வரேக்க தம்புள்ளைக்கு ஒரு 3 கிலோமீட்டர் முன்னாலயே இப்பன்கட்டுவவில 2,400 வருசத்துக்கு மேல பழசான ஈமக்காடு, அதாவது அந்தக் காலத்து ஆக்களின்ர கல்லறைகள் கிடக்கு எண்டு சொன்னா கனபேர் அப்பிடி ஒரு பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டினம். ஒருவிதத்தில அது நல்லதும்தான், கெட்டதும்தான், ஏனெண்டு கீழ சொல்லுறன்.

முதல்ல கண்ணைப் பழக்குங்கோ. நேர காட்டுக்குள்ள போய் நிண்டா உங்களுக்கு வெறும் கல்லுத்தான் தெரியும். கறுவாத்தோட்டத்தில இருக்கிற தேசிய நூதனசாலைக்குப் போய் அந்தக் காலத்து மட்பாண்டங்களை ஆறுதலாப் பாருங்கோ. முக்கியமா கறுப்பு சிவப்பு மட்பாண்டம், உள்பக்கமும் வாயும் கறுப்பு, வெளியில கீழ்ப்பாதி சிவப்பு. பானையைக் கவுட்டு வைச்சுச் சுடேக்க உள்ளுக்கும் வாய்ப்பக்கத்துக்கும் காத்துப் போகாது, அதால அந்தப் பகுதி கறுத்துப் போகும், வெளிப்பக்கம் காத்துப் பட்டுச் சிவக்கும். இதை ஒருக்கா வடிவாப் பாத்து வைச்சீங்க எண்டா பிறகு வயல் வரம்பில ஒரு ஓட்டுத்துண்டு கிடந்தாலும் கண் தன்பாட்டில அங்க போகும்.

பிறகு இப்பன்கட்டுவ. பெட்டாவில தம்புள்ளையால போற திருகோணமலை, மட்டக்களப்பு பஸ் ஒண்டில ஏறி, தம்புள்ளையில இறங்கி ஓட்டோ பிடிக்கலாம், சிங்களம் கொஞ்சம் தெரிஞ்சா "இப்பன்கட்டுவ சுசானய" (சுசானய எண்டா மயானம்) எண்டு கேளுங்கோ, காட்டுவினம். 80களின்ர கடைசியில களனிப் பல்கலைக்கழகத்தின்ர தொல்லியல் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் ஜெர்மன்காரரும் சேர்ந்து கிண்டின இடம் இது, 2017இல சனம் பாக்கத் திறந்துவிட்டது. நாலு பக்கமும் பலகைக்கல்லை நட்டு, மேல ஒரு மூடுகல்லைப் போட்டு, உள்ளுக்கு எரிச்ச சாம்பலோட தாழி, சூதுபவள மணி எல்லாம் வைச்சிருக்கினம், அப்பிடிக் கனக்கப் பெட்டி பக்கத்து பக்கத்தில. சிகிரியா மாதிரி பிரமாண்டம் ஒண்டும் இல்லை, போய் நிண்டு "இதுக்கோ வந்தனாங்கள்" எண்டு பிள்ளையள் கேக்குங்கள், கேக்கட்டும். நட்ட கல்லின்ர விளிம்பு நிலத்துக்கு மேல எவ்வளவு கொஞ்சமாத் தெரியுது எண்டதை மட்டும் பாருங்கோ, காவலில்லாத இடங்களில உங்களுக்குக் கிடைக்கப் போறது அந்த விளிம்பு மட்டும்தான்.

அதுக்குப் பிறகுதான் மற்ற இடங்கள். கேகாலை மாவட்டத்தில ரம்புக்கனைப் பக்கம் படவிகம்பொலவில ஒரு கல்திட்டை இருக்கு, நட்ட கல்லுகளுக்கு மேல பெரிய பாறைப்பலகை, கோட்டையில ரயில் ஏறினா ஒரு நாளில போய்ட்டு வரலாம். பொம்பரிப்பு எண்டா தாழிக்காடு, செத்தவையைத் தாழிக்குள்ள வைச்சுப் புதைச்ச இடம், தமிழ்நாட்டு ஆதிச்சநல்லூர்த் தாழியளோட ஒப்பிட்டுக் கதைக்கிற இடம், 1970இலயும் கிண்டினவை, ஆனா வில்பத்து தேசியப் பூங்காவுக்குள்ள இருக்கு, அதால யானையும் கரடியும் திரியிற காட்டில நினைச்ச இடத்தில ஜீப்பை விட்டு இறங்க ஏலாது, முதலே வனசீவராசிகள் திணைக்களத்தில கேட்டு அனுமதி எடுக்காம அந்தப் பக்கம் வெளிக்கிடாதேங்கோ.

சிவராத்திரிக்கு வருசாவருசம் மன்னார்ப் பக்கம் திருக்கேதீச்சரம் போற வெள்ளவத்தை ஆக்கள் கனபேர் இருக்கிறீங்க, உங்களுக்கு ஒரு விசயம், நீங்க கும்பிட்டுக்கொண்டு நிக்கிறதே ஒரு பெரிய தொல்லியல் மேட்டில. பழைய மாந்தைத் துறைமுகம் எண்டுறது அதுதான். மண்மேடும் அதைச் சுத்தி ரெண்டு அகழியும், 80களின்ர தொடக்கத்தில கிண்டத் தொடங்கி சண்டையால நிண்டுபோச்சு, ஆகக் கீழ இருந்த மண் படையில கற்கருவி பாவிச்ச ஆக்களின்ர தடயம்கூட வந்தது. பூசை முடிய வெயில் தாழ்ந்த நேரமாப் பாத்து ஒருக்கா வெளியால நடந்து பாருங்கோ, சாஞ்ச வெளிச்சத்தில நிலம் ஏறி இறங்குறது வடிவாத் தெரியும், உச்சி வெயிலில ஒண்டும் தெரியாது. எந்த மண்மேட்டையோ அகழியையோ பாக்கிறதெண்டாலும் இதே கதைதான், காலமை இல்லாட்டி பின்னேரம்.

எப்ப போறது? தம்புள்ளை, மன்னார் பக்கம் மாரி மழை முடிஞ்சு புல்லுக் காய்ஞ்ச பிறகு, மாசி பங்குனியிலயோ, இல்லாட்டி ஆடி ஆவணியிலயோ. மழை முடிஞ்ச கையோட போனா இடுப்பளவு புல்லு, கல்லும் தெரியாது பாம்பும் தெரியாது. ரம்புக்கனைப் பக்கம் ஈரவலயம், அட்டைக்கு சவுக்காரமோ உப்போ கொண்டுபோங்கோ.

இனித்தான் முக்கியமான பகுதி. இந்த நாட்டில இப்பிடி இடங்களுக்குப் பெரிய எதிரி புதையல் கிண்டுறவன். கல்லு நட்டுக் கிடந்தா கீழ தங்கம் இருக்கு எண்டு ஆரோ சொல்லுவான், ராத்திரியில பூசை போட்டுப் பெக்கோவால கிண்டுவாங்கள், உள்ளுக்கு இருக்கிறதோ சாம்பலும் உடைஞ்ச பானையும், அதுகளையும் நாசமாக்கிப்போட்டுப் போவாங்கள். அதோட மண் அள்ளுறது, கல் உடைக்கிறது. ஆனபடியா நீங்க செய்யக்கூடிய பெரிய உதவி, சின்னச் சின்ன இடங்கள் எங்க இருக்கு எண்டதைப் பேஸ்புக்கில போட்டு நாறடிக்காம இருக்கிறது. இப்பன்கட்டுவ மாதிரி காவல் இருக்கிற இடத்தைப் பத்தித் தாராளமா எழுதுங்கோ, சனம் போகட்டும். காவலில்லாத இடத்தின்ர படம் போடேக்க லொகேஷனை எடுத்துவிடுங்கோ, பின்னால ஊர்ப்பேர்ப் பலகை, பன்சலை, கோயில் கோபுரம் தெரியுதா எண்டும் ஒருக்காப் பாருங்கோ.

போகேக்க மண்வெட்டி, அலவாங்கு, மெட்டல் டிடெக்டர் ஒண்டும் வாகனத்தில இருக்கக்கூடாது, பகிடிக்குச் சொல்லேல்ல, 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி இல்லாமக் கிண்டுறது குற்றம், பொலிஸ் மறிச்சா நீங்க சரித்திரம் பாக்க வந்தனீங்க எண்டு நம்ப மாட்டாங்கள். ஐடென்டிட்டி கார்ட் கையில இருக்கட்டும், பகலில போங்கோ, ஊருக்குள்ள கடையில ஒரு பிளேன்ரீ குடிச்சு "அண்ணை, உதைப் பாக்க வந்தனாங்கள்" எண்டு சொல்லிப்போட்டுப் போறது நல்லம். சில ஊர்களில தொல்லியல் எண்ட சொல்லைக் கேட்டாலே காணி போயிடும் எண்டு சனம் பயப்பிடும், அந்தப் பயம் சும்மா வந்ததில்லை, அதால ஒருத்தரின்ர காணிக்குள்ள கேக்காமக் கால் வைக்காதேங்கோ. இது தமிழனின்ரயா சிங்களவனின்ரயா எண்ட சண்டையையும் அங்க போய் நிண்டு பிடிக்காதேங்கோ, இதே மாதிரி ஈமக்குழியள் தென்னிந்தியா முழுக்கக் கிடக்கு.

மூடுகல்லில ஏறி நிண்டு செல்ஃபி வேண்டாம், அது கீழ கோறையா இருக்கும். எழுத்துத் தெரியோணும் எண்டு சோக்குப் போடுறது, தண்ணி ஊத்துறது, சூடம் கொளுத்துறது ஒண்டும் வேண்டாம். ஓட்டுத்துண்டை எடுத்துப் பொக்கற்றுக்குள்ள போடுறது சின்ன விசயம் மாதிரித்தான் தெரியும், ஆனா அந்த ஓடு எந்த மண்ணில, எந்தக் கரித்துண்டுக்குப் பக்கத்தில கிடந்தது எண்டதை வைச்சுத்தான் காலம் சொல்லுறவை. வீட்டு ஷோகேசுக்கு வந்த ஓட்டை வைச்சு ஒரு மண்ணும் சொல்லேலாது.

புதுசா ஏதும் கண்டாலோ, கிண்டின குழியைக் கண்டாலோ, தொடாம தூரத்தில ரெண்டு மூண்டு படம், கிட்ட நிண்டு பக்கத்தில ஒரு பேனையை வைச்சு ரெண்டு படம், வடக்கு எந்தப் பக்கம் எண்டும் குறிச்சு வையுங்கோ. ஆக்கள் கிண்டிக்கொண்டு நிண்டா கிட்டப் போகாதேங்கோ, வீடியோ எடுக்கிற வீரமும் வேண்டாம், விலகி வந்து 119க்கு அடியுங்கோ. மற்றதுக்கு அந்த இடத்துக் கிராம சேவகர், பிரதேச செயலகம், பிறகு கொழும்பு 7இல நூதனசாலைக்குப் பக்கத்திலயே இருக்கிற தொல்பொருள் திணைக்களம். போன் எடுத்துச் சொல்லிப்போட்டு விடாதேங்கோ, போன் கதை காத்தோட போகும், ரெஜிஸ்டர் தபாலில கடிதம் அனுப்பி ரசீதை வைச்சிருங்கோ. தமிழில எழுதுறது உங்கட உரிமை, ஆனா வேலை கெதியா நடக்கோணும் எண்டா சிங்களத்தில ஒரு பிரதியும் சேத்து அனுப்புறதுதான் புத்தி. பதில் வரேல்லையெண்டா 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம் போட்டு, அந்த இடம் வர்த்தமானியில பிரகடனம் செய்த இடமா, உங்கட கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுத்தவை எண்டு கேளுங்கோ, 14 வேலை நாளுக்குள்ள தாறதோ இல்லையோ எண்ட முடிவை அவை சொல்ல வேணும். அதிகாரிமாருக்குப் படத்தை வாட்ஸ்அப்பில அனுப்பிறதெண்டா போட்டோவா அனுப்பாம டொக்கியுமெண்டா அனுப்புங்கோ, போட்டோவா அனுப்பினா இடத்தின்ர விபரம் அழிஞ்சுபோகும்.