தட்டுவடையை இழுத்துத் தட்டில் போடுவோம்: ஆண்ட்ராய்டில் டிராக், ஆரம்பத்திலிருந்து

எங்கள் தெருமுனையில் தட்டுவடை செட் போடும் அண்ணனுக்கு ஒரு சின்ன ஆர்டர் ஆப் செய்து தரலாம் என்று உட்கார்ந்தேன். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு தட்டுவடை, நடுவில் சட்னி, துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். திரையில் வடையைத் தொட்டால் விலை தெரிய வேண்டும், இழுத்துத் தட்டில் போட்டால் ஆர்டரில் சேர வேண்டும். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

ஆப்பை எழுதும் மொழியான கோட்லினின் பெயர்களை உச்சரிப்புப்படியே எழுதியிருக்கிறேன். ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே மீதியை அது எடுத்துக் கொடுக்கும்.

படி 1: ஒரு ஃபிரேம் லேஅவுட்டுக்குள் (மற்றவற்றை உள்ளே வைக்கும் பெட்டி) தட்டுக்கு ஒன்று, வடைக்கு ஒன்று என இரண்டு இமேஜ் வியூ (படம் காட்டும் உறுப்பு) வையுங்கள். இரண்டும் ஒரே பெற்றோருக்குள், அதாவது ஒரே வெளிப்பெட்டிக்குள், இருந்தால் பின்னால் கணக்குப் போடுவது சுலபம்.

படி 2: வடைக்கு செட் ஆன் டச் லிசனர் போடுங்கள், தொடுதலைக் கவனிப்பது அதுதான். விரல் பட்டதும் ஆக்‌ஷன் டவுன், நகரும்போது ஆக்‌ஷன் மூவ், எடுத்ததும் ஆக்‌ஷன் அப் வரும். டவுனுக்கு மறக்காமல் ட்ரூ திருப்பி அனுப்புங்கள். ஃபால்ஸ் அனுப்பினால் "இவருக்கு வேண்டாம் போல" என்று சிஸ்டம் மூவையே இந்த வியூவுக்குத் தராது.

படி 3: இங்கேதான் எனக்கு முதல் ராத்திரி போனது. மூவோடு வரும் ஈவென்ட்டின் (தொடுதல் தகவலின்) எக்ஸை எடுத்து வடைக்குக் கொடுத்தேன். வடை குளிர் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. காரணம், அந்த எக்ஸ் வடையின் இடது ஓரத்திலிருந்து அளந்த தூரம். வடை நகர்ந்தால் அளக்கும் இடமும் சேர்ந்து நகர்கிறது. ஏற்காடு பஸ்ஸுக்குள் உட்கார்ந்துகொண்டு டிரைவர் சீட்டிலிருந்து தூரம் அளந்தால் மலை எவ்வளவு ஏறினோம் என்று தெரியுமா? அடிவாரத்திலிருந்து அளக்க வேண்டும். நமக்கு அடிவாரம், திரையின் ஓரம். அதற்கு ரா எக்ஸ், ரா ஒய் இருக்கின்றன.

டவுனில் வடை இருக்கும் இடத்தைக் குறித்து வையுங்கள், பிறகு வடையின் எக்ஸிலிருந்து ரா எக்ஸைக் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். வடை 100-இல், விரல் 130-இல் என்றால் வித்தியாசம் -30. விரல் 180-க்குப் போனால் 180 - 30 = 150, அதுதான் வடையின் புது இடம். ஒய்க்கும் இதே கணக்கு. வடையை எந்த ஓரத்தில் பிடித்தாலும் அந்த ஓரத்திலேயே விரல் ஒட்டிக்கொண்டு வரும்.

படி 4: தொடுவதையும் இழுப்பதையும் பிரிக்க வேண்டும். ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில், அந்த 20 கொண்டை ஊசி வளைவுகளில், இதைச் சோதித்தேன். விலை பார்க்கத் தொட்டால்கூட விரல் கொஞ்சம் நழுவி, ஆப் அதை இழுப்பாக எடுத்துக்கொண்டது. இதற்கென்றே வியூ கான்ஃபிகரேஷனில் ஸ்கேல்டு டச் ஸ்லாப் என்ற அளவு உண்டு. ஆண்ட்ராய்டில் வழக்கமாக 8 டிபி (எந்தத் திரையிலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும் அலகு). தொட்ட இடத்திலிருந்து அதைத் தாண்டினால்தான் வடையை நகர்த்துங்கள். தாண்டாமலே அப் வந்தால் பெர்ஃபார்ம் கிளிக்கைக் கூப்பிடுங்கள், வடையின் கிளிக் லிசனரில் எழுதி வைத்த விலை காட்டும் வேலையை அது ஓட்டிவிடும்.

படி 5: அப் வந்ததும் வடையின் நடுப்புள்ளி தட்டுக்குள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆர்டர். இல்லையென்றால் டவுனில் குறித்து வைத்த பழைய இடத்துக்கு அனிமேட் செய்து அனுப்புங்கள். 200 மில்லி செகண்ட் போதும்.

படி 6: பலரும் விட்டுவிடுவது ஆக்‌ஷன் கேன்சல். திரை முழுவதும் ஸ்க்ரோல் வியூவுக்குள் இருந்தால், வடையை மேலும் கீழும் இழுக்கும்போது ஸ்க்ரோல் வியூ விரலைப் பறித்துக்கொள்ளும். நமக்கு அப் வராது, கேன்சல்தான் வரும். அதைக் கவனிக்காததால் என் வடை அந்தரத்தில் தொங்கியது. கேன்சல் வந்தால் ஆர்டரில் சேர்க்காதீர்கள், பழைய இடத்துக்கே அனுப்புங்கள். பறிப்பையே தடுக்க, டவுனில் பெற்றோரிடம் ரிக்வெஸ்ட் டிஸ்அலவ் இன்டர்செப்ட் டச் ஈவென்ட்டை ட்ரூ என்று சொல்லி வையுங்கள். வடைமேல் விரல் வைத்துப் பக்கத்தை நகர்த்த முடியாமல் போகும். எனக்கு அது பரவாயில்லை.

அப்புறம், எமுலேட்டரை (கணினியில் ஓடும் போலி போனை) மட்டும் நம்ப வேண்டாம். மவுஸ் நழுவாது, விரல் நழுவும். அண்ணனிடம் போனைக் கொடுத்தபோது சட்னிக் கையோடு ஒரு வடையை இழுத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, காரம் தூக்கலா வேணும்னா எதை இழுக்கணும்?"